கொப்பியில் 12, கணினியில் 14

சென்ற வருட இதழின் பொருளடக்கத்தில் என் தோழியின் கவிதைக்கு நேரே 34 என்று அச்சிடப்பட்டிருந்தது. 34ஆம் பக்கத்தைப் புரட்டினால் அங்கே இருந்தது ஒரு சமையற் குறிப்பு. கவிதை 36இல் இருந்தது. அச்சுக்குப் போவதற்கு முதல்நாள் இடையில் இரண்டு பக்கங்கள் சேர்ந்துவிட்டன. பொருளடக்கமோ அதற்கு முன்பே கையால் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. யாரும் பிழையாக எழுதவில்லை. எழுதிய அன்று 34 என்பது சரியாகத்தான் இருந்தது.

இப்போது பொருளடக்கத்தைக் கணினியே தயாரித்துக் கொடுக்கும். ஒவ்வோர் ஆக்கத்தின் தலைப்பையும் "இது தலைப்பு" என்று அடையாளமிட்டுத் தட்டச்சு செய்தால் போதும். கணினி அடையாளமிட்டவற்றை மட்டும் திரட்டி, அவை அந்த நேரத்தில் எந்தப் பக்கத்தில் நிற்கின்றனவோ அந்த எண்ணைப் போடும். இலக்கிய இதழில் கணினிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காகவே இதை முதலில் சொல்கிறேன். நான் எழுத வந்தது இதே விடயத்தின் இன்னொரு வடிவம்: இணையச் சேவையகத்தில் ஓடும் ஒரு செயலிக்கு எத்தனை வாசல்கள் உண்டு என்பதை அதனிடமே கேட்டு அறிந்துகொள்வது.

கடந்த தவணையில் நானும் இரண்டு தோழியரும் எங்கள் நூலகத்துக்காக ஒரு சிறிய செயலி எழுதினோம். யார் எந்த நூலை இரவல் பெற்றார், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதைப் பதிவுசெய்யும் செயலி அது. உயர்தரத் தொழில்நுட்பப் பாடத்தில் பைதன் மொழி படிக்கிறோம் அல்லவா, அந்தத் துணிச்சல்தான். பைதனில் இணையச் செயலி எழுதப் பயன்படும் பிளாஸ்க் என்ற கருவியை எடுத்துக்கொண்டோம். இது உம்மா தேநீர் ஊற்றி வைக்கும் பிளாஸ்க் அல்ல. ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஆர்மின் ரொனாகர் 2010 ஏப்ரல் முதலாம் திகதி முட்டாள்கள் தின வேடிக்கையாக வெளியிட்ட ஒன்று மெய்யான கருவியாக வளர்ந்து இந்தப் பெயரைப் பெற்றது. வேடிக்கையாகப் பிறந்ததை இன்று உலகெங்கும் வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள்.

இனி 'ரூட்' என்ற சொல்லுக்கு வருவோம். ரூட் என்றதும் நமக்கு பஸ்தான் நினைவுக்கு வரும். நெற்றியில் 1 என்று இருந்தால் கொழும்பு கண்டி பஸ். 138 என்றால் மஹரகம பக்கம் போவது. இலக்கத்தைப் பார்த்து ஏறுகிறோம், அது எந்த வழியால் போகும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. சேவையகத்திலும் அப்படித்தான். பிரவுசரில் நாம் ஒரு முகவரியைத் தட்டியதும் இரண்டு தகவல்கள் சேவையகத்துக்குப் போகின்றன. ஒன்று முகவரியின் பாதை. "நூல்கள்" என்பது போல. மற்றது கேட்கும் முறை. 'கெட்' என்றால் "காட்டு" என்று பொருள். 'போஸ்ட்' என்றால் "இதை வாங்கிப் பதிவுசெய்" என்று பொருள். இந்தப் பாதைக்கு, இந்த முறைக்கு, இந்தச் சார்பை ஓட்டு என்ற ஒப்பந்தம்தான் ரூட். நான் அதை இனி வழி என்றே எழுதுகிறேன். அந்தப் பாதையில் வழியே இல்லையென்றால் 404 என்ற இலக்கத்தோடு "கிடைக்கவில்லை" என்ற பதில் வரும். பாதை இருந்து முறை பொருந்தாவிட்டால் 405 வரும்.

பிளாஸ்க்கில் ஒரு வழியை எழுதுவது மிக எளிது. சார்பின் தலைக்கு மேலே டெக்கரேட்டர் என்ற ஒற்றை வரியை வைத்து, அதில் பாதையைக் குறிப்பிட்டால் முடிந்தது. பைதன் அந்தக் கோப்பை வாசித்துக்கொண்டு வரும்போது அந்த வரியைக் கண்டதும், பாதையையும் சார்பின் பெயரையும் ஓர் உள்பதிவேட்டில் எழுதி வைக்கிறது. பொருளடக்கத்துக்காகத் தலைப்பை அடையாளமிட்டோமே, அந்த அடையாளம்தான் இது. பதிவேட்டின் பெயர் 'யூஆர்எல் மேப்'. அதைப் பேணுவது பிளாஸ்க்கின் அடியில் இயங்கும் வெர்க்ட்சாய்க் என்ற நூலகம். ஜேர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கருவி என்று பொருள்.

நாங்கள் மூவர் எழுதியதால் யார் எந்த வழியை எழுதுகிறார் என்பதை ஒரு சீ.ஆர். கொப்பியில் குறித்து வந்தோம். முகப்பு, லொகின், லொகவுட், நூல்கள், ஒரு நூல், நூல் சேர்த்தல், உறுப்பினர்கள், ஓர் உறுப்பினர், இரவல் கொடுத்தல், திருப்பிப் பெறல், தேடல், தாமதமானவை. மொத்தம் 12. (செயலியில் பாதைகளை ஆங்கில எழுத்தில்தான் எழுதினோம், இங்கே தமிழில் தருகிறேன். தமிழிலேயே வைக்கத் தொழில்நுட்பத்தில் தடை இல்லை. வைத்தும் பார்த்தோம். ஆனால் முகவரியைப் பிரதிசெய்து அனுப்பும்போது "நூல்" என்ற ஈரெழுத்துச் சொல் வீதக் குறியும் எண்களுமாக 36 குறிகளாக நீண்டுவிட்டது. மனவருத்தத்தோடு கைவிட்டோம்.)

நூலகத்தில் ஒப்படைப்பதற்கு முதல்நாள் நான் கறுப்புத் திரையில் "பிளாஸ்க் ரூட்ஸ்" என்ற கட்டளையைத் தட்டினேன். 2018இல் வெளிவந்த 1.0 பதிப்பிலிருந்து இந்தக் கட்டளை பிளாஸ்க்கோடு சேர்ந்தே வருகிறது. இது சேவையகத்தை ஓட்டாது. செயலியை ஏற்றிக்கொண்டு, பதிவேட்டில் உள்ளதை மூன்று நிரல்களில் காட்டிவிட்டு நின்றுவிடும். ஒன்றில் வழியின் பெயர். நாம் வேறு பெயர் கொடுக்காவிட்டால் சார்பின் பெயரே அது. அடுத்ததில் முறைகள். மூன்றாவதில் பாதை.

14 வரிகள் வந்தன.

ஒரு தோழி உடனே, "கொப்பியில்தான் இரண்டு விடுபட்டிருக்கும், கோப்புகளில் தேடிப் பார்" என்றாள். செயலி இருந்த கோப்புறை முழுவதிலும் "ரூட்" என்ற சொல்லைத் தேடினோம். அங்கேயும் 14 இடங்கள்! மூவருக்கும் நிம்மதி. கொப்பியில் இரண்டைச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று புத்தகப்பையையும் எடுத்துவிட்டோம். எனக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. எண்ணிக்கை சமமாக இருந்தால் உள்ளிருப்பவையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா? 14 பேரின் வரவு இடாப்பும் 14 பேரின் பரீட்சை இடாப்பும் ஒரே வகுப்பினுடையதாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது? உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்பிட்டோம்.

கணினிப் பட்டியலில் இருந்து கொப்பியில் இல்லாதவை மூன்று. கொப்பியில் இருந்து கணினியில் இல்லாதது ஒன்று. 12இலிருந்து ஒன்று போய் மூன்று சேர்ந்து 14. கோப்புகளில் தேடிக் கிடைத்த 14 வேறு. அங்கே நாம் எழுதியவை எல்லாம் இருந்தன, நாம் எழுதாதது இருக்கவில்லை. இந்த நான்கு வேறுபாடுகளையும் விளங்கிக்கொள்ள அன்று பின்னேரம் முழுவதும் போயிற்று.

முதலாவது, 'ஸ்டெட்டிக்' என்ற வழி. இதை நாங்கள் எழுதவே இல்லை. படங்கள், நிற அலங்காரக் கோப்புகள் போன்றவற்றை அப்படியே எடுத்துக் கொடுப்பதற்காக பிளாஸ்க் தானாகவே திறந்து வைக்கும் வாசல் அது. அதே பெயருள்ள கோப்புறைக்குள் எதை வைத்தாலும், அதன் பெயரைச் சொல்லிக் கேட்பவருக்குக் கிடைத்துவிடும். அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தோம். கல்லூரிச் சின்னத்தின் பக்கத்தில் உறுப்பினர் பட்டியலின் பழைய பிரதி ஒன்று கிடந்தது! அவசரத்தில் வைத்தது நான்தான். எடுத்துவிட்டோம்.

இரண்டாவது பாதிப்பில்லாதது. முகப்புக்கு இரண்டு பாதைகள் கொடுத்திருந்தோம். ஒரே சார்பின் மேல் இரண்டு டெக்கரேட்டர்கள் இருந்தால் பட்டியலில் இரண்டு வரிகள் வரும்.

மூன்றாவதைக் கண்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "எல்லாம் அழி" என்று இருந்தது. சோதித்துப் பார்க்கும் காலத்தில், பொய்யாகச் சேர்த்த இரவல் பதிவுகளை ஒரே தடவையில் துடைப்பதற்காகத் தோழி எழுதியது. நான்கு வரிச் சார்பு. அன்றே நீக்கிவிட நினைத்து மறந்துபோயிருக்கிறாள். லொகின் கேட்காது. முறையோ கெட். அதாவது, அந்த முகவரியைத் தட்டினாலே போதும், ஒரு தவணை முழுவதும் நூலகத்தில் பதிந்தவை போய்விடும். செயலி ஒரு கணினியில் ஓடினாலும் கல்லூரி வைஃபையில் இருக்கும் எந்தக் கைத்தொலைபேசியிலிருந்தும் அதை அடையலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கொப்பியில் இருந்து கணினியில் இல்லாதது "தாமதமானவை". அது தனிக் கோப்பில் இருந்தது. பிளாஸ்க்கில் பெரிய செயலிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுத புளூபிரிண்ட் என்ற ஏற்பாடு உண்டு. துண்டை எழுதினால் மட்டும் போதாது. பிரதான செயலியில் அதைப் பதிவுசெய்யவும் வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. இரண்டு நாட்களாக அந்தப் பக்கம் 404 காட்டிக்கொண்டிருந்தது; முகவரியைத் தட்டுவதில்தான் எழுத்துப் பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தோம். கோப்புகளில் தேடினால் இந்த வழி கிடைக்கும். ஏனென்றால் தேடல் எழுதப்பட்டதை மட்டும் பார்க்கிறது. கட்டளையோ பைதன் வாசித்து முடித்த பின் பதிவேட்டில் என்ன நிற்கிறது என்று பார்க்கிறது. சேவையகம் பதில் சொல்வதும் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான்.

அப்படியானால் கொப்பியை வீசிவிடலாமா? அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கொப்பி இல்லாமல் கணினிப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால், "தாமதமானவை" இல்லாதது எங்கள் கண்ணில் பட்டிருக்காது. இல்லாத ஒன்றைப் பட்டியல் எப்படிக் காட்டும்? எங்களுக்கு என்ன வேண்டும் என்பது கொப்பியில் இருந்தது, என்ன இருக்கிறது என்பது கணினியில் இருந்தது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தபோதுதான் நான்கு விடைகளும் கிடைத்தன.

இந்தத் தேவை பிளாஸ்க் எழுதுபவர்களுக்கு மட்டும் உரியதல்ல. ரூபி மொழியின் ரெயில்ஸிலும் பீஎச்பீ மொழியின் லாராவெலிலும் இதே வேலைக்குக் கட்டளைகள் கூடவே வருகின்றன. பைதனின் ஜாங்கோவில் அது கூட வருவதில்லை, தனியாக ஒரு நீட்சியை நிறுவிக்கொள்ள வேண்டும். ஃபாஸ்ட்ஏபிஐ இன்னும் ஒருபடி மேலே போய், நாம் தடுக்காவிட்டால் வழிகளின் பட்டியலை ஒரு பக்கமாகத் தானே வெளியிட்டுவிடும். மென்பொருட் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் என்ற அமைப்பு, செயலி இடைமுகங்களில் காணப்படும் பத்து முக்கிய ஆபத்துகளை 2019இலும் 2023இலும் வரிசைப்படுத்தியது. இரண்டிலும் ஒன்பதாவது இடத்தில் இருப்பது, தம்மிடம் என்னென்ன திறந்திருக்கின்றன என்ற கணக்கைச் சரியாகப் பேணாமை. பெரிய நிறுவனங்களுக்கும் "எல்லாம் அழி" இருக்கிறது என்று அறிந்தபோது தோழிக்குக் கொஞ்சம் ஆறுதல்.

எனக்கு அடுத்த ஆசை வந்தது. கறுப்புத் திரையில் ஏன் பார்க்க வேண்டும்? எல்லா வழிகளையும் இணைப்புகளாகக் காட்டும் ஒரு பக்கத்தைச் செயலிக்குள்ளேயே வைத்தால், எங்கு வேண்டுமானாலும் ஒரு சொடுக்கில் போகலாமே. பதிவேட்டை ஒரு சுற்றுக் கட்டளையால் ஒவ்வொன்றாக எடுத்து எழுதினால் சரி. எழுதியதும் இரண்டு விடயங்கள் தெரிந்தன. முறைகளின் நிரலில் நாங்கள் எழுதாத 'ஹெட்', 'ஒப்ஷன்ஸ்' என்ற இரண்டு வந்து நின்றன. அவற்றை பிளாஸ்க் தானாகச் சேர்க்கிறது. கட்டளை வழமையாக அவற்றை மறைத்துவிடுகிறது, எங்கள் சுற்று மறைக்கவில்லை. அடுத்தது, "ஒரு நூல்" போன்ற வழிகளை இணைப்பாக்க முடியாது. எந்த நூல் என்ற இலக்கம் வேண்டும். இலக்கம் இல்லாமல் முகவரியை உருவாக்கச் சொன்னால் பிளாஸ்க் பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே கெட் முறையை ஏற்கும், வெற்றிடம் நிரப்பத் தேவையில்லாத வழிகளை மட்டும் வடித்தெடுக்க வேண்டியிருந்தது.

பக்கம் அழகாக வந்தது. ஆனால் அதை நீக்கிவிட்டோம். காரணம் 2005இல் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றி வாசித்ததுதான். அந்த வருடம் கூகுள் நிறுவனம் வெப் அக்ஸிலரேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. நீங்கள் ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, அதிலுள்ள இணைப்புகளுக்கு முன்கூட்டியே போய் அந்தப் பக்கங்களைக் கொண்டுவந்து வைத்துவிடும், இணையம் வேகமாகத் தெரியும். நல்ல எண்ணம்தான். ஆனால் சில இணையச் செயலிகளில் "அழி" என்பதும் சாதாரண இணைப்பாகவே, கெட் முறையிலேயே வைக்கப்பட்டிருந்தது. மென்பொருள் அதையும் போய்த் தொட்டது. பயனர்கள் எதையும் சொடுக்காமலேயே அவர்களுடைய பதிவுகள் அழிந்தன. கெட் என்பது பார்ப்பதற்கு மட்டும், அதனால் எதுவும் மாறக் கூடாது என்பது இணைய விதிகளில் அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. "எல்லாம் அழி" வழி உயிரோடிருந்த நாளில் நான் அந்த இணைப்புப் பக்கத்தை எழுதியிருந்தால், என் வடிகட்டி அதையும் அழகாக எடுத்து வரிசையில் நிறுத்தியிருக்கும். கெட் முறை, வெற்றிடம் இல்லை. எல்லா நிபந்தனையும் பொருந்துகிறதே! அதோடு, இப்படியொரு பக்கம் வெளியில் திறந்திருந்தால் அது தவறான எண்ணத்தோடு வருபவருக்கு நாமே வரைந்து கொடுத்த வரைபடம்.

பட்டியல் காட்டாத ஒன்றும் உண்டு. வாசல் இருக்கிறது என்று அது சொல்லும், பூட்டியிருக்கிறதா என்று சொல்லாது. லொகின் செய்தவருக்கு மட்டும் என்ற பூட்டையும் நாங்கள் ஒரு டெக்கரேட்டராகத்தான் எழுதியிருந்தோம். பட்டியலின் மூன்று நிரல்களிலும் அதற்கு இடமில்லை. ஆகவே பட்டியலை வைத்தே ஒரு சோதனை எழுதினோம். பதிவேட்டிலுள்ள ஒவ்வொரு வழிக்கும், லொகின் செய்யாத ஒருவர் போல, அதற்குரிய முறையில் கோரிக்கை அனுப்பும். வெற்றிடம் இருந்தால் 1 என்று நிரப்பும். லொகின் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பினால் சரி. உள்ளே விட்டால் வழியின் பெயரைச் சிவப்பில் காட்டும். லொகின் இல்லாமல் திறக்கலாம் என்று கையால் எழுதி வைத்த பெயர்கள் மூன்றே மூன்று: முகப்பு, லொகின், ஸ்டெட்டிக்.

ஓட்டினோம். "உறுப்பினர்கள்" சிவப்பில் வந்தது.

சோதனையில்தான் பிழை என்று நினைத்தேன். ஏனென்றால் அந்தச் சார்பின் மேல் பூட்டு இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று பேரும் வாசித்தோம், மூன்று பேருக்கும் பூட்டியதாகவே தெரிந்தது. வரிசைதான் மாறியிருந்தது. ஒரு சார்பின் மேல் இரண்டு டெக்கரேட்டர்கள் இருந்தால், பைதன் அவற்றைக் கீழிருந்து மேலாகச் செயற்படுத்துகிறது. பூட்டு கீழே, வழி மேலே என்று இருக்க வேண்டும். அப்போது பூட்டிய சார்பு பதிவேட்டில் சேரும். நாங்கள் மாற்றி வைத்திருந்தோம். முதலில் பூட்டாத சார்பு பதிவாகிவிட்டது. பிறகுதான் பூட்டு வந்தது. கடிதத்தைத் தபாற்பெட்டியில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து உறையை ஒட்டுவது போல. பிளாஸ்க் இதற்குப் பிழைச் செய்தி எதுவும் காட்டாது. பைதனைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது.

அந்தப் பக்கத்தில் இருந்தவை மாணவியரின் பெயர்கள், வகுப்புகள், வீட்டுத் தொலைபேசி இலக்கங்கள். இரண்டு வரிகளை மேல் கீழாக மாற்றினோம். மறுபடி ஓட்டியபோது சிவப்பு வரவில்லை. "எல்லாம் அழி" நீங்கி, "தாமதமானவை" பதிவாகியிருந்தது. பிளாஸ்க் ரூட்ஸ் கட்டளையை மீண்டும் தட்டினேன், இப்போதும் 14 வரிகள்தான். இம்முறை எண்ணிக்கையைப் பார்த்து யாரும் புத்தகப்பையை எடுக்கவில்லை. கொப்பியைத் திறந்து வைத்து, ஒருத்தி வாசிக்க ஒருத்தி கோடிட்டுக்கொண்டு வந்தாள்.